மலாஞ்ச்கண்டில் செம்பு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

முக்கியக் கனிமங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்டை 'செம்புச் சுரங்கம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அங்கே எஃகை வலுவாக்கப் பயன்படும் மாலிப்டினம் என்ற உலோகமும் இருக்கிறது.

பாலாகாட் மாவட்டத்துக் கிரானைட்டுக்குள் வில்லாக வளைந்து ஓடும் தடித்த குவார்ட்ஸ் பாறைதான் தாதின் இருப்பிடம். பித்தளை மஞ்சளில் மின்னுவது செம்புத் தாது. ஈய நிறத்தில் தகடு தகடாக, விரலில் தேய்த்தால் பென்சில் கரி போல ஒட்டுவது மாலிப்டினத்தின் தாதுவான மாலிப்டினைட். அளவு கொஞ்சம்தான், ஆனால் வயதைச் சொன்னது அதுதான். அதில் உள்ள ரீனியம் என்ற உலோகம் கதிரியக்கத்தால் சீரான வேகத்தில் ஆஸ்மியம் என்ற இன்னொரு உலோகமாக மாறுகிறது. அந்தக் கணக்கில் தாதின் வயது சுமார் 249 கோடி ஆண்டுகள்! சிலியின் பெரிய செம்பு-மாலிப்டினப் படிவுகள் இதற்கு முன்னால் நேற்றுப் பிறந்தவை. இதையும் அவற்றின் வகையில் சேர்க்கலாமா என்று நிலவியலாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அவற்றில் தாது பாறை முழுக்கச் சிதறிக் கிடக்கும்; இங்கே பெரும்பகுதி குவார்ட்ஸுக்குள்ளேயே இருப்பதால், சேர்க்கக் கூடாது என்பதே என் கட்சி.

பழங்காலத்திலேயே தோண்டிய தடயம் உள்ள இடம் அது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1969 வாக்கில் முறையாக ஆராயத் தொடங்கியது. இந்துஸ்தான் காப்பர் நிறுவனத்தின் திறந்தவெளிச் சுரங்கம் 1982-இல் இயங்கத் தொடங்கியது. அப்புறம்தான் நிலத்தடிச் சுரங்கம்.

2023-இல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் செம்பு, மாலிப்டினம் இரண்டுமே உண்டு. நம் தருமபுரி மாவட்டம் அரூர்ப் பகுதியிலும் மாலிப்டினம் கண்டறியப்பட்டுள்ளது. அதைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

- ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர், சேலம்