பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதே

கோவில்பட்டி
திங்கள் இரவு

அன்பு மகள் மகாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். கடையில் ஒருவர் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார், பேச முடியவில்லை. இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கவும் எனக்கு மனசில்லை. அதனால் கடை அடைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்து, உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிவியில் மாட்டி விளையாடுகிற உன் சோனி பிளேஸ்டேஷன் பெட்டியைப் பற்றி, "பிஎஸ்4-ஐ எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு பிஎஸ்5 வாங்கலாமா? இல்லை, கல்யாணம் ஆன பிறகு இதெல்லாம் தேவையாப்பா?" என்று கேட்டாய். இரண்டு கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டாய். முதல் கேள்விக்கு என் பதில், வாங்கு. ஆனால் பழசை எக்ஸ்சேஞ்சில் போடாதே. இரண்டாவது கேள்விக்கு அப்புறம் வருகிறேன். எனக்கு அதுதான் முக்கியமானது.

2021-இல் இதே கேள்வியை நீ கேட்டபோது வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். அந்த வருஷம் பிப்ரவரி 2-ஆம் தேதி பிஎஸ்5 நம் நாட்டுக்கு வந்தது. விலை 49,990 ரூபாய். ஆன்லைனில் வைத்த சில நிமிடத்தில் தீர்ந்துபோகும். உன் முதல் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை தடவை போனைத் திறந்து திறந்து பார்த்தாய்! ஒரு கடைக்காரர் 70,000 கொடுத்தால் இன்றைக்கே தருகிறேன் என்றார். அப்போது நான் தடுத்ததற்குக் காரணம் விலை மட்டுமில்லை. பெரிய விளையாட்டுகள் பல இரண்டு பெட்டிக்கும் சேர்ந்தே வந்துகொண்டிருந்தன. 2022 பிப்ரவரியில் வந்த ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டும், அதே வருஷம் நவம்பரில் வந்த காட் ஆஃப் வார் ரக்னராக்கும் பிஎஸ்4-லேயே ஓடின. இரண்டையும் நீ பழைய பெட்டியில்தான் முடித்தாய். அந்தக் காத்திருப்பில் நீ எதையும் இழக்கவில்லை.

இப்போது நிலைமை வேறு. 2023 அக்டோபரில் வந்த ஸ்பைடர்மேன் 2 பிஎஸ்4-க்கு வரவே இல்லை. 2024-இல் வந்த ஆஸ்ட்ரோ பாட்டும் அப்படித்தான். நீ வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிற ஜிடிஏ 6-ஐ பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸின் புதிய பெட்டிகளுக்கும்தான் அறிவித்திருக்கிறார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன். செட் பழசாகிவிட்டது என்பதற்காக மாற்றாதீர்கள், உங்களுக்கு வேண்டியது அதில் வரவில்லை என்றால் மாற்றுங்கள். உனக்கு வேண்டியது இனி அதில் வராது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அது மெக்கானிக்காக எனக்குப் பிடித்த காரணம். 2019-இல் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பிஎஸ்4 பெட்டியின் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாற்றியது ஞாபகம் இருக்கிறதா? மேலே பளபளப்பாக இருக்கிற மூடியைப் பக்கவாட்டில் தள்ளினால் கழன்று வந்துவிடும். உள்ளே ஹார்டு டிஸ்க் தட்டைப் பிடித்திருப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ. அதன் தலையில் முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் என்று கையில் பிடித்து விளையாடுகிற ரிமோட்டில் இருக்கிற நான்கு குறிகளும் பொறித்திருக்கும். நீ அதை உள்ளங்கையில் வைத்து டேபிள் லைட்டுக்கு அடியில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். யாரும் பார்க்காத இடத்தில் இருக்கிற ஸ்க்ரூவுக்கு இவ்வளவு அழகு பார்த்திருக்கிறார்களே என்றாய். முப்பது வருஷமாக ஸ்க்ரூ கழற்றுகிறவன் நான். அன்றைக்குத்தான் ஒரு ஸ்க்ரூவை நின்று பார்த்தேன்.

அன்றைக்கு எஸ்எஸ்டி போட்டும் நீ எதிர்பார்த்த வேகம் வரவில்லை. முகம் வாடிவிட்டது உனக்கு. ஏன் என்று எனக்கும் அப்போது சரியாகத் தெரியாது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பிஎஸ்4-இன் ஹார்டு டிஸ்க் ஒரு நொடிக்கு 50 முதல் 100 எம்பி வரைதான் படிக்கும். விளையாட்டைச் செய்கிறவர்கள் அந்த வேகத்தை மனசில் வைத்தே எல்லாவற்றையும் கட்டினார்கள். பிஎஸ்5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் ஒரு உரையில் இதை விளக்கினார். பழைய ஸ்பைடர்மேனில் தெருவில் நிற்கிற தபால்பெட்டி மாதிரிச் சின்னச் சாமான்களின் தரவை டிஸ்க்கில் நானூறு இடம் வரைக்கும் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருந்தார்களாம். டிஸ்க்கின் முள் தேடி அலையக் கூடாது என்பதற்காக. ஒரே ஸ்க்ரூவை நானூறு டப்பாவில் போட்டு வைத்த மாதிரி. கை தேடுகிற நேரம் மிச்சம், இடம் போச்சு. நாயகன் பாறை இடுக்கில் உடம்பை ஒடுக்கி மெல்ல மெல்ல நுழைவானே, அப்போது நீ "சீக்கிரம் போப்பா" என்பாயே, அந்த மாதிரி இடங்களும் பல விளையாட்டுகளில் அடுத்த இடம் தயாராகும்வரை நேரம் கடத்த வைத்ததுதான். நாம் டிஸ்க்கை மட்டும் மாற்றினோம். பெட்டிக்குள் இருந்த வழியும் பழசு, விளையாட்டும் பழைய வேகத்துக்குக் கட்டியது.

பிஎஸ்5-இல் எஸ்எஸ்டி நொடிக்கு 5.5 ஜிபி படிக்கிறது. அதை நம்பி விளையாட்டையே வேறு விதமாகக் கட்டுகிறார்கள். படம் பளிச்சென்று தெரிவதை விட இதுதான் பெரிய மாற்றம் என்று நான் நினைக்கிறேன். வேலை முடிந்து ராத்திரி ஒன்பதரைக்கு உட்காருகிற உனக்கு முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும் என்றாய். அதில் பத்து நிமிஷம் லோடிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பது அநியாயம்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

கல்யாணம் ஆன பிறகு தேவையா என்று யார் கேட்டார்கள் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சம்பந்தி அம்மா அப்படிச் சொல்கிறவர் இல்லை. மாப்பிள்ளைக்கும் உன்னோடு சேர்ந்து கிரிக்கெட் விளையாடப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கேள்வி உனக்குள்ளிருந்துதான் வந்திருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாளாக யோசித்தேன். என்னிடமிருந்துதான் வந்தது, மகா.

நீ பிளஸ் ஒன் படிக்கும்போது, ஸ்பேர் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன இடத்தில், செகண்ட் ஹேண்டில் அந்தப் பெட்டியை வாங்கி வந்தேன். அடுத்த வருஷம் பிளஸ் டூ. ஜூன் மாசமே அதைத் தூக்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. பரீட்சை முடிந்து சாவியை நீட்டினபோது, "இப்ப விளையாடலாமாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினாய். முந்தின வருஷம் பள்ளியில் மூன்றாவதாக வந்த பிள்ளை. வாரத்தில் ஞாயிறு ஒரு மணி நேரம் விட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் டியூஷனுக்கு அலைவதைப் பார்த்துப் பயந்து செய்தேன். அது தப்பு. எட்டு வருஷம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

உன் பெரிய மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயசு. சனிக்கிழமை தவறாமல் சீட்டாட உட்காருகிறார். உன் சித்தப்பா பேரன் பேத்தி எடுத்த பிறகும் கேரம் போர்டை விடவில்லை. அவர்களை யாரும் இந்த வயசில் தேவையா என்று கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம். உன்னையும் கேட்க வேண்டாம். நீ சம்பாதித்த காசு, உனக்குப் பிடித்த விஷயம். என்னிடம் எது நல்லது, எந்த மாடல் என்று எப்போது வேண்டுமானாலும் கேள். வாங்கலாமா என்று மட்டும் கேட்காதே.

எந்த மாடல் என்றால், விளையாட்டு டிஸ்க்கைப் போடுகிற டிஸ்க் டிரைவ் உள்ளதை வாங்கு. 2024 ஏப்ரலில் பிஎஸ்5-இன் ஸ்லிம் மாடல் இங்கே வந்தபோது டிஸ்க் உள்ளது 54,990, இல்லாதது 44,990. இன்றைய விலையைக் கடையில் கேட்டுக்கொள், பண்டிகை நேரத்தில் குறைப்பதும் உண்டு. அந்தப் பத்தாயிரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். தோன்றட்டும், அதைக் கேட்காதே. பெரிய விளையாட்டு ஒன்று புதுசாகக் கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாய். இரண்டு வாங்கினால் பத்தாயிரம் ஆயிற்று. டிஸ்க்காக வாங்கினால் முடித்த பிறகு விற்கலாம், சிநேகிதிக்குக் கொடுத்து வாங்கலாம். டவுன்லோடு பண்ணினதை ஒருவருக்கும் கொடுக்க முடியாது. அதோடு உன் அலமாரியில் இருக்கிற இருபத்திரண்டு டிஸ்க் என்ன ஆவது? 4,000-க்கும் மேற்பட்ட பிஎஸ்4 விளையாட்டுகளில் 99 சதவீதத்துக்கு மேல் புதிய பெட்டியில் ஓடும் என்று சோனி வெளியீட்டுக்கு முன்பே சொல்லியிருந்தது. டிரைவ் இருந்தால் அந்த இருபத்திரண்டும் உன்னோடு வரும்.

பிஎஸ்5 ப்ரோ என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்டாய். 2024 நவம்பரில் அது மற்ற நாடுகளில் வந்தபோது நமக்கு வரவில்லை. அதிலுள்ள வைஃபைக்கு வேண்டிய 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்கிறார்கள் என்று யாராவது சொன்னால் போகாதே. ரிப்பேர் வந்தால் எவரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். அதில் டிஸ்க் டிரைவும் கிடையாது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

டிவியையும் மாற்றச் சொல்லி ஆசை காட்டுவார்கள். மாற்றாதே. உன் 43 இஞ்சு 4கே டிவியே போதும். நொடிக்கு 120 படம் காட்டும் டிவி வந்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது இருக்கிற டிவி தானாகப் போன பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

பெட்டியை டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் வைக்காதே. சுற்றிலும் நாலு விரல் இடமாவது விடு. நம் ஊர்த் தூசியில் உன் பிஎஸ்4-இன் ஃபேன் மாவு மில் மாதிரி இரைந்தது மறந்திருக்காது. திறந்து பார்த்தால் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கில் கம்பளி மாதிரித் தூசி, சிப்பின் சூட்டை அதற்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகப் பெயர்ந்து வந்தது. அதை நான் இரண்டு தடவை செய்துவிட்டேன். ஆனால் பிஎஸ்5-இல் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் வைத்திருக்கிறார்கள். அது சிந்தினால் போர்டு போய்விடும். அதனால் பக்க மூடியைக் கழற்றித் தூசியை உறிஞ்சி எடுப்பதோடு நிறுத்திக்கொள். அதற்கு மேல் கை வைக்காதே, மாப்பிள்ளையையும் விடாதே. யூடியூப் பார்த்து அவர் ஃபேனைக் கழற்றின கதை எனக்கும் தெரியும்.

புதுசு வந்ததும் இரண்டு பெட்டியையும் ஒரே வைஃபையில் போட்டு, நீ விளையாடி நிறுத்திய இடங்களின் சேவ் எல்லாவற்றையும் மாற்றிக்கொள். ஒரு ராத்திரி ஆகலாம், பொறுமையாக இரு. பழைய ரிமோட் புதிய பெட்டியிலும் வேலை செய்யும், ஆனால் பிஎஸ்4 விளையாட்டுகளுக்கு மட்டும்தான்.

அப்புறம் பழைய பெட்டி. கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு என்ன கொடுப்பார்கள்? ஒரு விளையாட்டு வாங்குகிற காசு கொடுத்தால் பெரிது. அதை எனக்கு அனுப்பு. நீ பெங்களூர் போகும்வரை ஹெச்டிஎம்ஐ போர்ட் சரி செய்த டிவிகளை எல்லாம் அதை மாட்டித்தான் சோதிப்பேன். செட்டாப் பாக்ஸில் ஓடுகிற டிவி அதில் மினுக்கும், அப்போதுதான் சால்டரிங் சரியில்லை என்று தெரியும். இப்போது அது இல்லாமல் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. சாயங்காலம் கடைக்கு வருகிற பசங்களும் அக்காவின் கேம் எங்கே என்று இன்னும் கேட்கிறார்கள். இந்தத் தடவை அதற்குப் பூட்டு கிடையாது.

போனஸ் வந்ததும் கையிலிருக்கிற பணத்தில் வாங்கு, கார்டில் இழுக்காதே. பில்லை உன் பெயரில் போடச் சொல். பழசை ஆம்னி பஸ் பார்சலில் போடும்போது பழைய போர்வையால் நன்றாகச் சுற்று. உள்ளே இருக்கிற டிஸ்க்கை மறக்காமல் வெளியே எடுத்துவிடு. அந்த நாலு குறி போட்ட ஸ்க்ரூ லூசாக இருந்தால் இறுக்கிவிட்டு அனுப்பு.

அம்மா முருங்கைக்கீரைப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள். அதே பஸ்ஸில் திருப்பி அனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா