எந்த டிகிரி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் "102 டிகிரி வெயில்: மக்கள் தவிப்பு" என்று ஒரு செய்தி. அதே பக்கத்தின் கீழ் மூலையில், ஜவுளிக்கடைக்கு ஆள் தேவை, தகுதி "எனி டிகிரி" என்று ஒரு விளம்பரம். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு, "தாத்தா, 102 டிகிரி வாங்கினவங்களும் இந்த வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டாள். வீடே சிரித்தது. கடைசிப் பக்கத்து வானிலைக் கட்டத்தில் அதே நாள், அதே ஊருக்கு 38.9 டிகிரி என்று போட்டிருந்ததையும் அவள்தான் காட்டினாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

டிகிரி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது பால் சொசைட்டியில். எழுபதுகளின் கடைசி. காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் கிராமம். இருட்டு விலகுமுன் கறந்த பாலை அந்தச் சூட்டோடு தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு அம்மா ஓடுவாள், பின்னாலேயே நானும். டெஸ்டர் ஒரு நீளக் கண்ணாடிக் குடுவையில் பாலை ஊற்றி, பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டரை உள்ளே விடுவார். அது இரண்டு தரம் மூழ்கி எழுந்து நிற்கும். குனிந்து பார்ப்பார். "என்னக்கா, டிகிரி இருபத்தஞ்சுதான் நிக்குது. தண்ணி பட்டிருக்கே?" அம்மா, "எம் பசு மேல சத்தியமா சொட்டுத் தண்ணி ஊத்தலப்பா" என்பாள். வரிசையில் நிற்கும் பெண்கள் தரையைப் பார்ப்பார்கள். அன்றைய பாலுக்குக் காசு குறையும். காசைவிட அந்தப் பார்வைதான் அம்மாவுக்கு வலித்தது.

ஏழெட்டு வருஷம் கழித்து பி.எஸ்சி. இயற்பியல் ஆய்வகத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. லாக்டோமீட்டரில் 28 என்றால் பாலின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.028 என்று அர்த்தம். அப்போது பரவலாக இருந்த ஒரு வகைக் கருவி 60 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பநிலைக்கு அளவு குறிக்கப்பட்டது. கறந்த சூட்டில் பால் அதைவிட முப்பது டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். சூட்டில் பால் விரிந்து லேசாகும், கருவி கூடுதலாக மூழ்கும், அளவு குறையும். பாலின் சூட்டையும் பார்த்து, கணக்கில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். அதை அங்கே யாரும் சேர்க்கவில்லை. பாலின் டிகிரியைச் சொல்ல வெப்பத்தின் டிகிரி வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைப் படித்ததால் என் அம்மா பாலில் தண்ணீர் கலந்தவள் ஆனாள். (ஆடையை எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு அதே கருவி நல்ல டிகிரி காட்டியிருக்கும். இன்று கொழுப்பு, கொழுப்பு நீங்கிய மற்றத் திடப்பொருள் (எஸ்.என்.எஃப்.) இரண்டையும் பார்த்து விலை போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.)

நான் பட்டம் வாங்கிவந்த பிறகும் அம்மா எங்கள் வீட்டு இரண்டு டிகிரிகளையும் விடவில்லை. வேலை கிடைக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி, "மாட்டுக்கு டிகிரி பத்தல, இவனுக்கு டிகிரி இருந்தும் பத்தல" என்பாள்.

இந்த மாவட்டத்தில் டிகிரி இல்லாத தொழிலே இல்லை. மாங்கூழ் ஆலையில் ஒரு சொட்டுக் கூழைக் கண்ணாடியில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து "பதினாலு வந்துடுச்சு" என்பார்கள். அது பிரிக்ஸ் டிகிரி, இனிப்பின் அளவு. நெடுஞ்சாலை நெடுக "கும்பகோணம் டிகிரி காபி" பலகைகள். தண்ணீர் கலக்காத, லாக்டோமீட்டரில் தேறிய பாலில் போடுவதால் அந்தப் பெயர் என்பார்கள் சிலர். சிக்கரிதான் வாயில் புரண்டு டிகிரி ஆனது என்பார்கள் வேறு சிலர். நான் பால் கட்சி. பட்டம் என்ற பொருளில் டிகிரி வழங்க யாருக்கு உரிமை என்பதை 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சட்டம் 22-ஆம் பிரிவில் வரையறுத்திருக்கிறது. காபிக்கடைக்காரரை அது ஒன்றும் செய்யாது.

கோணத்துக்கும் அதே சொல்தான், பாடநூலில் அதைப் பாகை என்கிறோம். இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக் கணக்கு. கிருஷ்ணகிரி ஏறக்குறைய 78.2. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஏப்ரல் நடுவில் பள்ளி மைதானத்தில் குச்சி நட்டால், நிழல் மிகக் குட்டையாவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, பன்னிரண்டே காலைத் தாண்டி. நான் வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி இதைக் காட்டித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஆங்கிலச் சொல்லைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதன் லத்தீன் வேருக்கு அடி, படி என்றுதான் பொருள். நம் "படி" மட்டும் என்ன? வாசலில் ஏறுவது படி, நெல் அளப்பது படி, அரசு ஊழியர் வாங்குவது பயணப்படி, பிள்ளையை அதட்டுவதும் "படி". யாரும் குழம்புவதில்லை. பக்கத்தில் நிற்கும் சொல் காப்பாற்றிவிடுகிறது. தங்கள் தலைப்பில் டிகிரிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய அந்தச் சொல்லைத்தான் காணோம்.

இது வெறும் இலக்கணச் சண்டை என்று நினைக்க வேண்டாம். போன மாதம் பேத்திக்கு உடம்பு கொதித்தது. மருந்துக்கடையில் வாங்கிய புதுத் தெர்மாமீட்டர் 38.6 காட்டியது. "முப்பத்தெட்டுதானே, நூறுகூட இல்லையே" என்று என் மனைவி ரசஞ்சாதம் ஊட்டித் தூங்க வைத்துவிட்டாள். நான் வெளியூரிலிருந்து திரும்பிப் பார்த்தால் அது செல்சியஸ். நமக்குப் பழக்கமான கணக்கில் 101-ஐத் தாண்டிய காய்ச்சல். நாற்பது வருஷம் ஒரு இயற்பியல் வாத்தியாரோடு குடித்தனம் நடத்தியவளுக்கே இந்தக் கதி. அவளும் தினமும் படிப்பது தங்கள் நாளிதழைத்தான். அதில் வெயில் எப்போதும் நூறைத் தாண்டினால்தான் செய்தி.

ஆகவே ஒரு வேண்டுகோள். 102-ஓ 38.9-ஓ, இரண்டும் ஒரே சூடுதான், எது போட்டாலும் சரி, பக்கத்தில் ஃபாரன்ஹீட்டா செல்சியஸா என்று சேர்த்துப் போடுங்கள். தலைப்பில் இடம் போதாது என்றால் "மக்கள் தவிப்பு" என்பதை எடுத்துவிடலாம். அந்த வெயிலில் வேறென்ன செய்வோம்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.