கோழிக்கொட்டாயைச் சுற்றித் தோட்டம்: குஞ்சோடு சேர்த்துச் சொல்லித்தர வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புழக்கடைக் கோழி வளர்ப்பை அரசு ஊக்குவிக்கிறது. குஞ்சு தருகிறார்கள், தடுப்பூசி போடுகிறார்கள். ஆனால் வாங்கிப்போன கோழியை வீட்டில் எந்தப் பக்கம், எப்படி வைப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை. அதனால் பழைய தகரமும் சிமென்ட் சாக்கும் சேர்த்துக் கட்டிய ஒரு கொட்டாய் சுவரோரம் முளைக்கிறது. நாற்றம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மழைக்காலம் வந்தால் ஈ மொய்க்கிறது. கடைசியில் கோழிகள் சந்தைக்குப் போய்விடுகின்றன. கொட்டாயையும் தோட்டத்தையும் ஒரே வேலையாக நினைத்துத் திட்டமிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. 10 பெட்டை, ஒரு சேவலுக்கு முக்கால் சென்ட் இடம் போதும். வீட்டுக்கு வருகிறவர்கள் நின்று பார்க்கிற இடமாகவும் அதை ஆக்கலாம்.

இடம் பார்க்கும்போது முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் நம் பக்கம் தென்மேற்கிலிருந்து காற்று வாரி அடிக்கும். கொட்டாய் வீட்டுக்குத் தென்மேற்கில் இருந்தால் தூசியும் இறகும் வாடையும் நேராக வீட்டுக்குள் வரும். வடக்கிலோ வடகிழக்கிலோ, வீட்டிலிருந்து 15 அடியாவது தள்ளி வைப்பது நல்லது. ஈசானி மூலையில் கோழி அடைக்க மனம் ஒப்பாதவர்கள் நேர் வடக்கில் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிட வேண்டும். சண்டை பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

கொட்டாயின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது மாலை வெயில் குறுகலான மேற்குச் சுவரில் மட்டும் விழும். தெற்கும் வடக்கும் வலையாக இருந்தால் காற்று குறுக்கே ஓடும். 11 கோழிக்கு உள்ளே 6 அடிக்கு 4 அடி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயர மேடை, வெளியே மேய 12 அடிக்கு 10 அடி அடைப்பு என்பது கணக்கு. கோழி அடைய நான்கடிக் கழி இரண்டு வேண்டும். இரண்டையும் ஒரே உயரத்தில் கட்ட வேண்டும். ஒன்று மேலே இருந்தால் அதற்காக ராத்திரி முழுக்கச் சண்டை நடக்கும். முட்டையிட ஓரடிச் சதுரப் பெட்டி மூன்று போதும்.

அழகுக்கும் உறுதிக்கும் வேண்டிய பொருள் நம் மாவட்டங்களிலேயே கிடக்கிறது. தோட்டங்களில் வேலிக்கு நடும் கல்லுக்காலையே அடைப்பின் நான்கு மூலைக்கும் நட்டால் கரையான் பயமும் இல்லை, துருவும் இல்லை. கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளில் வெட்டி ஒதுக்கிய துண்டுகளைக் கேட்டு வாங்கி நடைபாதைக்கும் மேடை ஓரத்துக்கும் பதிக்கலாம். கதவு முன்னால் இரண்டு துண்டு போட்டாலே சேறு குறைந்துவிடும். வலைக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கோழி வலையைத் தெருநாய் பல்லால் கிழித்துவிடும். கீரி மண்ணைப் பறித்து உள்ளே வரும் என்பதால், வலையின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக ஓரடி மடித்து, தரையோடு படுக்கவைத்து மண் போட்டு மூட வேண்டும். கீரி வலையோரத்தில்தான் பறிக்கப் பார்க்கும். கீழே கம்பி தட்டியதும் விட்டுவிடும். வலைக்கு ஒரு கை கறுப்பு அல்லது கரும்பச்சைப் பெயின்ட் அடித்தால் வலை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, கோழியும் செடியும் மட்டும் தெரியும். வெள்ளிக் கம்பி பளபளத்துக் கண்ணை உறுத்தும். சுவருக்குச் சுண்ணாம்பும் காவிப் பட்டையும் அடித்தால் போதும், வேறு அலங்காரமே தேவைப்படாது. கோழியின் உடம்பில் ஒட்டும் செல் பூச்சிக்கும் சுண்ணாம்பு பகை.

இனிச் செடி. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கொட்டாயை மறைக்க வேண்டும் என்று நான்கு பக்கமும் கொடியை ஏற்றி மூடிவிடுகிறார்கள். பார்க்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் காற்று நின்றுவிடும், உள்ளே பரப்பிய கூளம் ஈரம் காயாது, எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். கோழிக்குச் சளி, ரத்தக் கழிச்சல் எல்லாம் அந்த ஈரத்திலிருந்துதான் தொடங்குகின்றன. கூடவே எலி, எலியைத் தேடிப் பாம்பு. காலையில் கதவைத் திறந்ததும் குந்தி உட்கார்ந்து, கோழியின் தலை உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது. கண் கரித்தால் காற்று போதவில்லை என்று பொருள்.

அதனால் கொட்டாயைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் செடியே வைக்காமல், மூன்று அங்குலத்துக்கு ஜல்லி கொட்டி வெறுமனே விட வேண்டும். பாம்பு வந்தால் கண்ணில் படும், மழைத்தண்ணீர் தெறித்துச் சேறாகாது. அந்த ஜல்லிப் பட்டைக்கு அப்பால்தான் செடிகள். தெற்கிலும் வடக்கிலும் இரண்டரை அடிக்கு மேல் போகாமல் வெட்டி வைத்துக்கொள்ளக்கூடியவை மட்டும்: செண்டுமல்லி, துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல். மேற்கில்தான் உயரம் வேண்டும். அங்கே சீக்கிரம் நிழல் கிடைக்க அகத்தியும் பப்பாளியும், நாள்பட நிற்கக் கொய்யாவோ சீத்தாவோ வைக்கலாம். கூரையிலிருந்து ஆறடி தள்ளி நட வேண்டும். கிளை கூரையைத் தொட்டால் பூனையும் மரநாயும் அதன் வழியாக இறங்கும். முருங்கை நல்ல தீவனம்தான், ஆனால் மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி கொத்துக்கொத்தாக விழும். அதைக் கொஞ்சம் தூரத்தில் நட்டு, கிளையை ஒடித்துக் கொண்டுவந்து போடுவதே மேல். கிழக்கைத் திறந்து விடுங்கள், காலை வெயில் கூளத்தைக் காயவைக்கும்.

கொடி வேண்டும் என்பவர்கள் கூரைக்கு மேல் ஒன்றரை அடி இடைவெளி விட்டுப் பந்தல் போட்டு அவரை, பீர்க்கு, சங்குப்பூ ஏற்றலாம். தகரத்தின் மேலேயே படரவிட்டால் சித்திரை வெயிலில் தகரம் பட்ட இடமெல்லாம் கொடி வெந்து கருகிவிடும். இடைவெளி விட்ட பந்தலில் கொடியும் பிழைக்கும், கொட்டாயும் குளிரும். கூரையைச் சுற்றி இரண்டடி இறக்கினால் அது 10 அடிக்கு 8 அடி ஆகும். ஒரு சென்டிமீட்டர் மழைக்கே சுமார் 70 லிட்டர் தண்ணீர் வடியும். ஒரு 200 லிட்டர் டிரம் வைத்தால் செடிகளுக்குச் சில நாள் கவலையில்லை. முதல் மழைத்தண்ணீரில் கூரைத் தூசி வரும், அதை மட்டும் வெளியே விட்டுவிடலாம். தண்ணீர்க் கிண்ணம் கழுவும் இடத்தில் ஒரு குத்துக் கல்வாழை நட்டால் அந்தச் சேறும் பூவாகும்.

கோழி இருக்கும் இடத்தில் செடி நிற்காது என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. கோழி செடியைப் பிடுங்குவதற்குக் காரணம் பசி மட்டுமில்லை. உடம்பில் செல் ஒட்டாமல் இருக்க அதற்குப் புழுதி வேண்டும். புழுதி தேடித்தான், நாம் கொத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்த பொலபொலப்பான மண்ணுக்கு வருகிறது. அடைப்புக்குள் கூரை இறக்கத்தின் கீழே இரண்டடிச் சதுரத்தில், எட்டு அங்குல ஆழத்துக்கு மணலும் செம்மண் புழுதியும் சலித்த விறகுச் சாம்பலும் கலந்து போட்டால் பெரும்பாலும் அங்கேயே புரளும். மழை நனைக்காத இடமாக இருப்பது முக்கியம். நனைந்தால் மறுபடி செடிக்கே வரும். புதிதாக நட்ட கன்றுக்கு இரண்டு மாதம் வலைக்கூண்டு மாட்டி, வேரைச் சுற்றி ஒன்றரை அடிக்குக் கைக்கு அடங்கும் கற்களை நெருக்கமாக அடுக்க வேண்டும். வேர் பிடித்த பிறகு கூண்டை எடுத்துவிடலாம், கற்கள் கிடக்கட்டும்.

அடைப்புக்குள்ளேயே பசுமை வேண்டுமானால் ஒரு வழி உண்டு. 4 அடிக்கு 2 அடியில், ஆறு அங்குல உயரத்துக்குப் பலகைச் சட்டம் செய்து, மேலே ஓரங்குல வெல்டு மெஷ்ஷை இறுக்கி அடியுங்கள். உள்ளே கம்பு, கொள்ளு, தட்டைப்பயறு விதையுங்கள். பயிர் வலைக்கு மேல் எட்டிப் பார்க்கும்போது கோழி நுனியை மட்டும் கொத்தும். வேரைக் கிளற முடியாது, அதனால் மறுபடி துளிர்க்கும். வலை தொய்ந்தால் கோழி ஏறி நின்று அடிவரை கொத்திவிடும். நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் வைத்தால் தொய்யாது. இரண்டு சட்டம் இருந்தால் ஒன்றை மேயவிட்டு மற்றதை மூடிவைத்து மாற்றிக்கொள்ளலாம்.

எச்சத்தைச் செடிக்கு நேராகப் போடுவது இன்னொரு தவறு. பச்சை எச்சத்தில் தழைச்சத்து மிக அதிகம், உப்பும் உண்டு. இலை ஓரம் கருகிச் செடி வாடிவிடும், கீரைப்பாத்தியில் போட்டால் கிருமியும் சேரும். ஏறக்குறைய பாதி எச்சம் இரவில் அடைகிற கழிக்குக் கீழேதான் விழுகிறது. அங்கே ஒரு தட்டுப் பலகை வைத்துத் தினமும் காலையில் வழித்தெடுத்தால் ஈயும் நாற்றமும் பெருமளவு குறையும். மூன்றடி நீள, அகல, உயரத்தில் ஒரு குப்பைத் தொட்டி கட்டி, ஒரு கூடை எச்சத்துக்கு இரண்டு கூடை காய்ந்த சருகு என்று அடுக்கி, பிழிந்த துணி அளவு ஈரம் காட்டி, வாரம் ஒருமுறை கிளற வேண்டும். மாந்தோப்புச் சருகும் கேழ்வரகுத் தாளும் இதற்கு அருமையானவை. குவியலுக்குள் கையை வைக்க முடியாத சூடு வந்தால் சரியாக வேகிறது என்று அர்த்தம். சூடே வராவிட்டால் எச்சமோ ஈரமோ போதவில்லை. நாற்றம் வந்தால் சருகு போதவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு கறுத்து, மண்வாசனை வந்ததும் செடிக்குப் போடலாம்.

கொட்டாய்க்குள் பரப்பும் கூளம் நான்கு அங்குலம் இருக்க வேண்டும். தென்னைநார்க் கழிவு, நெல் உமி, நிலக்கடலைத் தோல் எதுவும் ஆகும். கடலைத் தோலில் பூஞ்சணம் இருந்தால் தொடவே கூடாது, அந்த நச்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளி அழுத்தினால் உருண்டையாக நிற்கிறதா? ஈரம் அதிகம். கால் கிலோ நீற்றுச் சுண்ணாம்பு தூவிக் கிளறலாம். அதைக் கோழிகளை வெளியே விட்ட பிறகே செய்ய வேண்டும், ஏனென்றால் சுண்ணாம்பு பட்டதும் அம்மோனியா ஒருமுறை குப்பென்று கிளம்பும்.

அழகுக்காக நடும் செடிகளில் சில கோழிக்கு எமன். அரளி, மஞ்சள் அரளி இரண்டும் வேரிலிருந்து பூ வரை விஷம், காய்ந்த இலையும் விஷமே. வேலிக்கு எல்லோரும் வைக்கும் டுராண்டாவின் மஞ்சள் பழம், பல நிறத்தில் பூக்கும் உண்ணிச்செடி, ஊமத்தை, ஆமணக்கு விதை, குண்டுமணி ஆகியவற்றைக் கொட்டாய்ப் பக்கம் அண்டவே விடாதீர்கள். நம் மாவட்டத்தில் மரவள்ளி போடாத ஊர் குறைவு. அதன் பச்சை இலையிலும் தோலிலும் சயனைடு நச்சு இருக்கிறது. கிழங்கு சீவிய தோலைக் கோழி முன் கொட்டும் வழக்கத்தை விட வேண்டும். மருந்தடித்த தக்காளித் தோட்டத்துக் கழிவு, மருந்தடித்த செண்டுமல்லி இவையும் அப்படியே. வீட்டில் மருந்தில்லாமல் வளர்ந்த செண்டுமல்லியின் இதழை உலர்த்தித் தீவனத்தில் கலந்தால், மஞ்சள்கரு நல்ல நிறம் கொடுக்கும்.

இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. ஆனால் குஞ்சு வாங்கும் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும். கொட்டாய் கட்டிய பிறகு திசையை மாற்ற முடியாது. ஆகவே கால்நடைப் பராமரிப்புத் துறையும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து ஒன்று செய்யலாம். குஞ்சு தரும்போதே ஒரு பக்க வரைபடமும், அகத்தி, கறிவேப்பிலை, பப்பாளிக் கன்று ஒவ்வொன்றும், ஒரு பொட்டலம் செண்டுமல்லி விதையும் கொடுக்கலாம். ஓசூர் மத்திகிரியில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையமும், பையூரில் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. மூன்று இடத்திலும் முக்கால் சென்டில் ஒரு மாதிரிக் கொட்டாயும் தோட்டமும் போட்டுவைத்தால், பயிற்சிக்கு வருகிற பெண்கள் அளவெடுத்துக்கொண்டு போவார்கள். கன்று நடுவதற்கு ஆடி மழைதான் தோது. அதற்குள் வரைபடம் கைக்கு வந்தால் இந்த ஆண்டே பயன்படும்.

இப்படிக்கு,
புழக்கடைக் கோழி வளர்ப்போர் சிலர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.