முதலில் ஓடைப் பக்கம் போய்ப் பார்

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். வாலிநோக்கத்தில் வாடைக்காற்று பிடித்துவிட்டது, வள்ளங்கள் கரையில்தான் கிடக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. வில்லால் மானை எய்தாய் என்பதற்காக இல்லை. இங்கே 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி மான் வேட்டைக்கு ஜெயில். அமெரிக்காவில், விஸ்கான்சினில் நீ உரிமம் வாங்கி, சீசனில், முறையாகச் செய்கிறாய். அதை நான் ஏற்றுக்கொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. "அம்பு பட்டுச்சுப்பா, ஆனா மான் கிடைக்கல, விட்டுட்டு வந்துட்டோம்" என்றாயே, அந்தச் சொல்தான் உறுத்துகிறது.

போன வருஷம் நீயே எனக்கு விளக்கியிருக்கிறாய். நுரையோடு இளஞ்சிவப்பாக ரத்தம் இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, அரை மணி நேரம் பொறுத்துத் தேடப் போனால் போதும். கறுஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், நாலைந்து மணி நேரமாவது வேண்டும். அம்பில் பச்சையாக ஒட்டிக்கொண்டு சாணி நாற்றம் அடித்தால் குடல், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கிட்டே போகவே கூடாது. அப்படித்தானே சொன்னாய்? இந்த மான் முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்துபோனது என்கிறாய். அம்பிலும் நாற்றம் இருந்தது என்கிறாய். பிறகு ஏன் இருபது நிமிஷத்தில் பரணிலிருந்து இறங்கினீர்கள்?

குடலில் பட்ட மான் பக்கத்திலேயே எங்காவது படுத்துவிடும். சும்மா விட்டால் படுத்த இடத்திலேயே அடங்கியிருக்கும். நீங்கள் டார்ச்சோடு போனதும் அது எழுந்து ஓடியிருக்கிறது. குடலில் பட்டு ஓடுகிற மானுக்கு ரத்தம் அதிகம் சொட்டாது, தடமும் அறுந்துபோகும். தாத்தா சீலாவுக்குத் தூண்டில் போட்டால் மீன் இழுத்த உடனே கயிற்றைச் சுண்ட மாட்டார். "விட்டுப் பிடிடா" என்பார். அன்று ராத்திரி அங்கே உறைகிற குளிர், காலைவரை விட்டிருந்தாலும் கறி கெட்டிருக்காது. உனக்குப் பதற்றம், கூட வந்த நண்பருக்கு அவசரம். எனக்குப் புரிகிறது.

ஆனால் ரத்தத் தடம் பக்கத்து நிலத்து வேலியோடு நின்றதும் திரும்பிவிட்டீர்களே, அது எனக்குப் புரியவில்லை. கேட்காமல் நுழையக்கூடாது, சரி. போய்க் கேட்டிருக்கலாமே. எங்கள் தமிழ் ஐயா அகத்துறை நடத்தும்போது ஒன்று சொல்லிக்கொடுத்தார். தினைப்புனம் காக்கும் பெண்களிடம் தலைவன் வந்து, 'என் அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா, மான் வந்ததா' என்று கேட்பான். அதற்குக் கெடுதி வினாதல் என்று பெயர். கெடுதி என்றால் காணாமல் போனது. அவனுக்கு அது பெண்ணோடு பேச ஒரு சாக்குதான். ஆனால் அந்தச் சாக்கு எடுபட வேண்டுமானால், அடிபட்ட விலங்கைத் தேடி வேட்டைக்காரன் ஊர் ஊராகக் கேட்டு வருவது அந்தக் காலத்தில் சாதாரண வழக்கமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா?

நான் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. 1996 மார்கழியில், மீன் ஏற்றிய வேனைச் சாயல்குடியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தேன். விடிய இன்னும் நேரம் இருந்தது. ஒரு புள்ளிமான் குறுக்கே வந்தது. அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எழுந்து, பின்னங்காலை இழுத்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் போய்விட்டது. வண்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது, ஏலத்துக்கு நேரமாகிவிட்டது. இறங்கிப் பார்த்தேன், முள்ளுக்குள் போகவில்லை. வனத்துறைக்கும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஆடு மேய்க்கிறவர்கள் சொன்னார்கள், கண்மாய்த் தண்ணீர் ஓரத்தில் ஒரு மான் செத்துக் கிடக்கிறது என்று. போய்ப் பார்த்தேன். நான் வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து நூற்றைம்பது அடி தூரம் இருக்காது. தண்ணீர் குடிக்கத் தவழ்ந்து போன தடம் சேற்றில் அப்படியே இருந்தது. எத்தனை நேரம் உயிரோடு கிடந்ததோ. அந்த வளைவைத் தாண்டும்போது இன்றைக்கும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது.

அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். இந்த வாரக் கடைசியில் அந்த நிலக்காரரிடம் போ. நடந்ததை மறைக்காமல் சொல்லி அனுமதி கேள். அடிபட்ட மானைத் தேடப் பழக்கிய நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் அங்கே உண்டு என்றாயே, ஒருவரைக் கூப்பிடு. கடைசியாக ரத்தம் பார்த்த இடத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டு, அங்கிருந்து வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். அந்த நிலத்தில் ஓடை இருக்கிறது என்றாய், முதலில் அங்கே போ. காக்கை எங்கே இறங்குகிறது என்று கவனி. கறி இனி உதவாது, தெரியும். ஆனாலும் போ.

அதுவரை வில்லைத் தொடாதே. பிறகு தொட்டாலும், மான் பக்கவாட்டில் நின்று முன்னங்காலுக்குப் பின்னால் இடம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் எய். இருட்டப் போகிற நேரத்தில் வேண்டாம். எய்யாமல் வந்தாய் என்று கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான்.

அம்மாவிடம் மான் விஷயம் சொல்லவில்லை. காட்டுக்குப் போகிறாய் என்று மட்டும் சொன்னேன், கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னாள். பார்த்ததும் கூப்பிடு. இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா