வெங்காயக் காசும் வாழைக்குலைக் காசும்

நீர்வேலி, யாழ்ப்பாணம்
2025 ஆவணி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. உடனே பதில் போடவில்லை என்று கோபிக்காதே. நல்லூர்த் திருவிழா முடியும்வரை வீடு நிறைய ஆட்கள். லண்டனிலிருந்து பெரியம்மா குடும்பம், கனடாவிலிருந்து சித்தப்பாவின் பிள்ளைகள். 25 நாளும் போனதே தெரியவில்லை. தேரன்று உன்னைத் தேடினேன். லீவு கிடைக்கவில்லை என்று பிறகுதான் உன் அம்மா சொன்னார்.

போன ஞாயிறு கோப்பாய்க்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது. முற்றத்தில் சருவச்சட்டியை வைத்துப் பனம்பழம் பிசைந்துகொண்டிருந்தார். கையைக் கழுவாமலே, "தம்பி, அவன் வேலையை விட்டிட்டு இஞ்சை வரப்போறானாம், உண்மையோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. உன் கடிதத்திலும் அதே இரண்டையும்தான் பார்த்தேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஊரில் இருந்துகொண்டு இணையத்தள வடிவமைப்பைச் சொந்தத் தொழிலாகச் செய்து குடும்பம் நடத்தலாமா? நடத்தலாம். நான் நடத்துகிறேன். ஆனால் நீ நினைக்கிற மாதிரி வருகிற மாதமே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வராதே. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாக வாசி.

எங்கள் தோட்டம் உனக்குத் தெரியும். எட்டுப் பரப்பு, ஏறத்தாழ அரை ஏக்கர். முன்பு அப்பா எட்டிலும் வெங்காயம்தான் போடுவார். விலை இருந்தால் ஒரு கிழமைக்குள் கை நிறையக் காசு வரும். கடன் தீரும், எல்லாருக்கும் உடுப்பு எடுப்போம். பிறகு அடுத்த வெங்காயம் கிண்டும்வரை அம்மாவின் கையில் சில்லறையும் இராது. மழை பிழைத்தாலோ, எல்லாரும் ஒரே நேரத்தில் கிண்டி ஐம்பது கிலோ அந்தரின் விலை விழுந்தாலோ அந்தச் சின்னச் சந்தோசமும் இல்லை. அப்புறம்தான் நாலு பரப்பில் வாழை வைத்தார். ஒரே நாளில் வைக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு வரிசை என்று விட்டு விட்டு வைத்தார். முதல் வருடம் அதில் ஒரு சதமும் வரவில்லை. இப்போது கிழமைக்குக் கிழமை சைக்கிளில் குலை கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறார்.

நான் 2016இல் தொடங்கி முதல் ஆறு வருடமும் வெங்காயம்தான் போட்டேன், மச்சான். ஒரு தளம் செய், காசு வாங்கு, அடுத்ததைத் தேடு. தேடுகிற நாட்களுக்கு யாரும் காசு தருவதில்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவேயில்லை. அதற்கிடையில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தொடர்ந்து வேலை தரத் தொடங்கியது. என் வருமானத்தில் முக்கால்வாசி அங்கிருந்துதான் வந்தது. சம்பளம் மாதிரி வந்ததால் வேறு ஆளைத் தேடுவதையே விட்டுவிட்டேன்.

2022ஐ நீ மறந்திருக்க மாட்டாய். ரூபா சரிந்து, டொலர் 200இலிருந்து 360ஐத் தாண்டியது. டொலரில் உழைக்கிறவனுக்கு என்ன குறை என்று சனம் சொன்னது. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது எனக்கு வேலை செய்யவே கரண்ட் இல்லை. இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வரும், எழும்பி விடியும்வரை வேலை செய்வேன். இரண்டு வேலைகள் பிந்தின. மூன்றாவது பிந்தியபோது அந்த நிறுவனத்திலிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. இனி வேலை இல்லையாம். முடித்துக் கொடுத்த கடைசி வேலைக்கான காசும் வரவில்லை. மூன்று மாதம் என் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன். அந்த மூன்று மாதமும் வீட்டுக்கு அரிசி வாங்கியது அப்பாவின் வாழைக்குலைக் காசு.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்திருக்கிறேன். எவ்வளவு நல்ல ஆளாக இருந்தாலும், ஒருவரிடமிருந்து என் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரக்கூடாது. அந்த அளவை நெருங்கினால் புது ஆள் தேடத் தொடங்கிவிடுவேன், எவ்வளவு வேலை இருந்தாலும்.

வாழை என்று நான் சொல்வது பராமரிப்பு வேலையை. தளத்தைச் செய்து கொடுத்ததோடு விடாமல், மாதக் கட்டணத்துக்கு அதைப் பார்த்துக்கொள்வது. இப்போது அப்படி 14 தளங்கள் என் கையில் இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் முதல் கிழமை தளங்களை ஓட்டுகிற வேர்ட்பிரஸ் மென்பொருளையும் அதன் துணைநிரல்களான பிளகின்களையும் புதுப்பித்து, பேக்கப் (தளத்தின் மாற்றுப் பிரதி) எடுத்து, அந்த பேக்கப்பை வேறிடத்தில் திறந்து பார்த்து, தளத்திலுள்ள ஒவ்வொரு தொடர்புப் படிவத்தையும் நானே நிரப்பி அனுப்பிப் பார்ப்பேன். கேட்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் இந்தத் தொழிலில் என்னைக் காப்பாற்றியது இதுதான்.

2024 பெப்ரவரியில் ஜிமெயிலும் யாகூவும் மின்னஞ்சல் அனுப்புகிறவர்களுக்கான விதிகளை இறுக்கினதே, நினைவிருக்கிறதா? அந்த மாதம் ரொறொன்ரோவில் உள்ள எங்கள் ஊர்க் கணக்காளர் ஒருவரின் தளத்தில் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பார்த்தேன். "நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது" என்று தளம் சொன்னது. அவருக்கு ஒன்றும் போகவில்லை. வரி நிரப்புகிற காலம், ஆட்கள் எழுதுகிறார்கள், அவர் பதில் போடவில்லை என்று வேறு ஆளிடம் போகிறார்கள். அவருக்கோ இந்த வருடம் ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்ற கவலை. டொமைனில், அதாவது அவருடைய தள முகவரியில், மின்னஞ்சல் உண்மையில் அவருடையதுதான் என்று காட்டும் இரண்டு பதிவுகளைச் சேர்த்து, மின்னஞ்சல் போகும் வழியை மாற்றினேன். அரை நாள் வேலை. அடுத்த நாள் அவர் போன் எடுத்து என்னோடு கதைத்த விதத்தை நான் மறக்கமாட்டேன். அதற்குப் பிறகு அவர் வழியாகவே நாலு பேர் வந்தார்கள். இணையத்தில் வேலை தேடும் தளமான அப்வேர்க்கில் நான் எழுதிப் போட்ட நூறு விண்ணப்பங்களால் அது நடந்ததில்லை.

அப்வேர்க், அதே மாதிரித் தளமான ஃபைவர் பற்றியும் கேட்டிருந்தாய். தொடக்கத்துக்கு நல்லவைதான், நானும் அங்கேதான் தொடங்கினேன். ஆனால் ஃபைவர் 20 வீதம் எடுக்கும். சந்தையில் வியாபாரி பிடிக்கும் 10 வீதக் கழிவுக்கே அப்பா வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடித்தவர், ஞாபகம் இருக்கிறதா? ஒருவரின் நம்பிக்கையைப் பெறும்வரைக்குமான வாசல் என்று அதை வைத்துக்கொள். வீடாக்கிவிடாதே.

வேலை தேட ஊரை விட்டு எங்கும் போகவேண்டியதில்லை என்பதையும் நான் பிந்தித்தான் கண்டுபிடித்தேன். நல்லூருக்குக் கிட்ட விருந்தினர் விடுதி வைத்திருக்கிற ஐயா ஒருவர், தளத்தால் ஒரு பதிவும் வரவில்லை என்றார். அவருடைய விறாந்தையில் இருந்து, அவருடைய போனிலேயே அந்தத் தளத்தைத் திறக்கச் சொன்னேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைத் திரை. நான் வாய்க்குள் எண்ணினேன். பதினொன்று எண்ணும்போது மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல ஒரு படம் வந்தது, அவருடைய முற்றமும் செவ்வரத்தையும். கமராவில் எடுத்த 7 எம்பி படத்தை யாரோ அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். அதை 180 கேபி ஆக்கினேன். பிறகு கீழே இருந்த பொத்தானைப் பார்த்தோம். 'முற்பதிவு செய்யுங்கள்' என்ற சொல், ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டிக்குள் அடங்காமல் உடைந்து, 'செய்யுங்கள்' பாதி வெளியே நின்றது. வரிகளுக்கிடையே இடம் போதாமல் புள்ளிகள் மேல்வரி எழுத்துகளின் கீழே நீளும் பகுதிகளோடு முட்டிக்கொண்டிருந்தன. புள்ளி மறைந்தால் வாசிக்கிறவர் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி விழுவார். ஆங்கிலத்துக்கு ஒன்றரை மடங்கு வரி உயரம் போதும் என்றால் நான் தமிழுக்கு ஒன்றேமுக்கால் வைப்பேன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், இதுதான் நம்முடைய இடம், மச்சான். தமிழ் எழுத்தைத் திரையில் ஒழுங்காக நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைவு. இன்றைக்கும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பக்கங்களைக் கொண்டுவந்து தருகிறார்கள். எல்லாக் கருவிகளும் வாசிக்கும் யுனிகோடுக்கு மாற்றினால் மட்டும் போதாது, ஒவ்வொரு பக்கமாக இருந்து திருத்தவேண்டும். கோயில்கள், பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்கள், புலம்பெயர்ந்த ஊரில் கடை வைத்திருக்கிறவர்கள், எல்லாருக்கும் இது தேவை. செயற்கை நுண்ணறிவு பத்து நிமிடத்தில் தளம் செய்து தருகிறதே என்று எழுதியிருந்தாய். தருகிறது, நானும் பாவிக்கிறேன். ஆனால் விறாந்தையில் இருந்து அந்த ஐயாவோடு சேர்ந்து பதினொன்று வரை எண்ணுவதற்கு ஒரு ஆள் வேண்டும்.

இனிக் காசுக் கணக்கு. இதைக் கவனமாக வாசி. இப்போது உன் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, கொம்பனி 12 வீதம் சேர்த்து ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதியில் போடுகிறது. ஈ.ரி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் வேறு. நீ வெளியே வந்த நாளிலிருந்து அதை யாரும் போடமாட்டார்கள். வருகிற ஒவ்வொரு காசிலும் கால்வாசியை நான் வேறு கணக்குக்கு மாற்றிவிட்டுத்தான் மீதியை வீட்டுக் காசு என்று எண்ணுவேன். முன்பு வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வரும் சேவை வருமானத்துக்கு வரி விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அதற்கும் வரி. வருடத்துக்கு 18 இலட்சம் வரை விலக்கு, அதற்கு மேல் கூடியது 15 வீதம். பயப்படுகிற தொகை இல்லை, ஆனால் ஒதுக்கி வைக்காதவனுக்கு அது பெரிய தொகைதான்.

அரைவாசிக் காசு முன்பணமாக வராமல் வேலை தொடங்காதே. சொந்தக்காரர் என்றாலும் அப்படித்தான். எத்தனை தடவை திருத்துவாய் என்பதையும் எழுதிக் கொடு. டொமைனை எப்போதும் அவர்களுடைய பெயரிலேயே பதிவு செய். உன்னை விட்டுப் போகும் சுதந்திரம் அவர்களுக்கு இருக்கவேண்டும். அது தெரிந்தவர்கள்தான் போகாமல் இருக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

நேரமும் காசு மாதிரித்தான். ஒரு காலத்தில் ரொறொன்ரோக்காரருக்காக நடுச்சாமம்வரை விழித்திருந்தேன். இப்போது மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரைதான் அவர்களோடு கதைப்பேன். கோடைகாலத்தில் அங்கே அது காலை ஒன்பதிலிருந்து பதினொன்று. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. இவ்வளவு காலமும் யாரும் கேட்காமலே நான்தான் விழித்திருந்திருக்கிறேன். போன வருடம் இடுப்பு நோவால் இரண்டு கிழமை படுத்தேன், அதற்குப் பிறகு நல்ல கதிரை ஒன்று வாங்கினேன். லப்டொப்புக்கு முன் அதைத்தான் வாங்கியிருக்கவேண்டும்.

ஆகவே நான் சொல்வது இது. வேலையில் இருந்துகொண்டே, சனி ஞாயிறுகளில் வாழை வை. மாதக் கட்டணத்தில் ஐந்து தளங்கள் சேரட்டும். ஆறு மாதச் செலவு வங்கியில் சேரட்டும். முதல் இரண்டு தளங்களை என்னிடமிருந்தே தருகிறேன். 14ஐயும் தனியே பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, நான் காய்ச்சலில் படுத்தால் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீயாக இருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று உனக்குத் தெரியாது. மார்கழி விடுமுறைக்குச் சின்னவளையும் கூட்டிக்கொண்டு வா. மேலறையில் மேசை போட்டு, இன்வேர்ட்டர் இணைப்பும் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு கிழமை என்னோடு இருந்து வேலை செய்து பார், அதற்குப் பிறகு நாளைக் குறிக்கலாம்.

உன் அம்மாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீயே போன் எடுத்துச் சொல். நாளை இரவு பஸ்ஸில் அவர் சுட்ட பனங்காய்ப் பணியாரம் வருகிறது, என்னிடம் தந்துவிட்டிருக்கிறார். விடியப்புறம் கொழும்பு வெள்ளவத்தையில் போய் எடு, பிந்தினால் பழுதாகிவிடும். பார்சலுக்குள் அப்பாவின் இதரை வாழைப்பழச் சீப்பு ஒன்றும் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்