லிஃப்டில் இறங்கிய பந்து

கும்பகோணம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிறது. தை பிறந்ததிலிருந்து முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். பகலில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாக அலைச்சல், ராத்திரியில் ஆல்பம் வேலை. இன்றைக்குத்தான் கடையை மத்தியானமே சாத்தினேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. உன் பையன் பனியில் சறுக்குகிற வீடியோவைக் காட்டினேன். "இந்தக் குளிர்ல புள்ளைய விட்டுட்டு வீடியோ எடுத்துக்கிட்டு நிக்கிறானே" என்று உன்னைத்தான் திட்டினாள். மாண்ட்ரியாலில் மைனஸ் இருபது என்பதை நான் வாய்விடவில்லை.

கடைசி வரியில் ஒன்று கேட்டிருந்தாய்: "நாம பட்டது போதாதா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு வேற எதுக்குடா அனிமேஷன்?" கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. உங்கள் ஸ்டூடியோவில் ஆள் குறைக்கிறார்கள் என்றும் எழுதியிருந்ததால் வருத்தம் என்றே எடுத்துக்கொண்டேன். பதில் கொஞ்சம் நீளும். டீ போட்டுக்கொண்டு உட்கார்.

நான் நடத்துகிற அனிமேஷன் வகுப்பு சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு. வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டரில் ஓர் உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் பதினாலு பேர். பத்தாம் வகுப்பைத் தொடவே கூடாது என்று எச்.எம். முதல் நாளே சொல்லிவிட்டார், பப்ளிக் எக்ஸாம். கேரளத்தில் 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்று உயர்நிலைப் பள்ளிகளில் குழு அமைத்து, அனிமேஷனையும் அதில் சேர்த்து முறையாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். நம்முடையது எச்.எம்.முக்கும் எனக்கும் நடுவில் உள்ள வாய்ப்பேச்சுதான். சம்பளம் கிடையாது. பத்தரைக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும் வரும்.

முதல் மூன்று வாரம் கம்ப்யூட்டரை ஆன் செய்யவே விடவில்லை. ரஃப் நோட்டின் மூலையில் பக்கத்துக்கு ஒரு படமாக வரைந்து விரலால் சரசரவென்று விட்டுப் பார்ப்பது மட்டும்தான். இரண்டாவது வாரமே ஓர் அம்மா வந்துவிட்டார். "கம்ப்யூட்டர் கிளாஸ்னு சொன்னாங்க, பந்து வாங்கித் தரச் சொல்றாளே சார்?" நியாயமான கேள்விதான். பந்து வேண்டும் என்று சொன்னது நான்தான்.

அந்தப் பந்துக் கதையைச் சொல்கிறேன். உனக்குத்தான் இது புரியும்.

ஒரு பெண்ணின் அம்மா தையல்காரர். அவரிடம் இன்ச் டேப்பை இரவல் வாங்கி லேப் சுவரில் நேராக ஒட்டினோம். டேப்பின் ஜீரோவுக்கு நேராக ஒருவன் ரப்பர் பந்தைப் பிடித்துக்கொண்டான். அவன் விட, இன்னொருத்தி என் போனில் வீடியோ எடுத்தாள். நொடிக்கு முப்பது ஃப்ரேம், அதாவது முப்பது படம். அதை விஎல்சி வீடியோ பிளேயரில் போட்டு, 'இ' பட்டனைத் தட்டித் தட்டி ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, மூன்று ஃப்ரேமுக்கு ஒருமுறை பந்து எங்கே இருக்கிறது என்று பார்த்து, சுவரில் அதே இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. கை பந்தை விட்டது எந்த ஃப்ரேமில் என்பதிலேயே கால் மணி நேரம் சண்டை. கடைசியில் ஐந்து கோடு விழுந்தது. 5 சென்டிமீட்டர், 20, 44, 78, 122.

"இடைவெளியை எழுதுங்க" என்றேன். 5, 15, 24, 34, 44. ஒரு பையன் உடனே, "பத்துப் பத்தாக் கூடுது சார்!" என்றான். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த அறிவியல் டீச்சர் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் அஞ்சால வகுத்துப் பாருங்க" என்றார். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. கடைசி மூன்றில் ஒரு சென்டிமீட்டர் குறைச்சல், போகட்டும். கலிலியோ நானூறு வருஷத்துக்கு முன்னால் சாய்வுப் பலகையில் குண்டை உருட்டிக் கண்டுபிடித்த கணக்கு இது. இவர்கள் பாடப்புத்தகத்தில் 'இயக்கம்' என்று ஒரு பாடமே இருக்கிறது, சமன்பாடுகளை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அது சுவரில் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றியதில்லை. டீச்சர் அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பப் பன்னிரண்டரை ஆனது.

ஆனால் மாப்ள, அந்தச் சுவரைப் பார்த்து அசந்துபோனது நான்தான். மேலே நெருக்கமாக, கீழே போகப் போக விலகி, நேர் வரிசையில் ஐந்து கோடு. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். நம் சார்ட்! வடபழனியில் அந்த ஸ்டூடியோ மாடியில் உட்கார்ந்து நாலு வருஷம், முக்கியமான இரண்டு படத்துக்கு நடுவில் வரும் இன்பிட்வீன் படங்களைப் போட்டோமே, ஒவ்வொரு முக்கியப் படத்தின், அந்தக் கீ டிராயிங்கின், ஓரத்திலும் பென்சிலால் சீப்புப் பல் மாதிரி கிழித்து வருமே, அதேதான். கோடு நெருக்கமாக இருந்தால் படத்தை நெருக்கிப் போடு, விலகி இருந்தால் தள்ளிப் போடு, அவ்வளவுதான் நமக்குச் சொன்னார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை டிராயிங் என்று கணக்கு இருந்தது, கேட்க ஏது நேரம்? கடைசி இரண்டு மாதச் சம்பளத்தையும் கொடுக்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். எனக்கு அந்தச் சார்ட்டின் அர்த்தம் நாற்பத்துமூன்று வயதில், ஒரு ரப்பர் பந்தால் புரிந்திருக்கிறது.

அந்த வீடியோவில் இன்னொன்றும் கிடைத்தது. கீழே வரும்போது பந்து வேகமாக வருவதால் போன் கேமராவில் உருண்டையாக விழவில்லை, முட்டை மாதிரி நீண்டு மங்கலாக விழுந்தது. "பந்து ஏன் சார் இழுத்துவிட்ட மாதிரி இருக்கு?" என்றார்கள். வேகமாகப் போகிற பொருளை நீட்டி வரைகிற ஸ்ட்ரெச் என்பதை நான் சொல்லித்தர வேண்டியே வரவில்லை. டிஸ்னியில் வேலை பார்த்த ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிவைத்த அந்தப் பன்னிரண்டு அனிமேஷன் விதிகளை நம் இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாளே போர்டில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்களே, இங்கே அதை எழுதவே இல்லை. பிள்ளைகளே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஓர் அசைவுக்கு முன்னால் லேசாகப் பின்வாங்குகிற ஆன்டிசிபேஷனுக்குப் 'பதுங்கல்'. புலி எதற்குப் பதுங்குகிறது என்று எல்லாருக்கும் தெரியுமே. ஃபாலோ த்ரூவுக்குச் 'சடை'. தலை திரும்பி நின்ற பிறகும் பின்னல் ஆடிக்கொண்டிருக்கும் அல்லவா, அது. இப்போது ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் பார்த்து, "உன் மாட்டுக்குச் சடை இல்லடி" என்கிறார்கள். வெளியாள் கேட்டால் பயந்துபோவான்.

நாலாவது வாரம் கம்ப்யூட்டர். லேப் மெஷின்களில் 4 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிளெண்டர் என்ற இலவச அனிமேஷன் சாஃப்ட்வேர், 2.8 பதிப்பு முதல் கேட்கிற ஓப்பன்ஜிஎல் 3.3 என்ற கிராபிக்ஸ் வசதிக்கு அவை வழிக்கு வரவில்லை. அதனால் 2017இல் வந்த பழைய 2.79 பதிப்பு. அதில் ரைட் கிளிக்கில்தான் பொருளைப் பிடிக்க வேண்டும், ஞாபகம் இருக்கிறதா? ஒரு வாரம் முழுக்க 'ரைட்டு, ரைட்டு' என்று பஸ் கண்டக்டர் மாதிரி கத்திக்கொண்டிருந்தேன்.

"ஃப்ரீன்னா கிராக் வெர்ஷனா சார்?" என்று ஒருத்தன் கேட்டான். நாம் எந்த சிடியில் மாயா என்ற காசு கொடுத்து வாங்குகிற சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டோம் என்பதைச் சொல்லாமல், பிளெண்டர் கதையைச் சொன்னேன். அதை வைத்திருந்த கம்பெனி 2002இல் நொடித்துப்போனதும், அதை உருவாக்கிய டன் ரோசண்டால் உலகம் முழுக்கக் கையேந்தி ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி, அதை மீட்டு எல்லாருக்கும் பொதுவாக்கினார். 2025இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியாக்காரரின் 'ஃப்ளோ' என்ற அந்தப் பூனைப் படம் இதில்தான் செய்தது என்றதும் மவுஸைப் பிடிக்கிற கையிலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

சரி, பந்துக்கு வருகிறேன். எந்த ஃப்ரேமில் பந்து எங்கே இருக்க வேண்டும் என்று நாம் குறித்துவைப்பதுதான் இதில் கீ: மேலே ஒரு கீ, தரையில் ஒரு கீ, மறுபடி மேலே ஒரு கீ. ஓட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் அமைதி. "லிஃப்ட்ல இறங்குற மாதிரி இறங்குது சார்." அதேதான்! பிளெண்டர் தானாகவே இரண்டு கீக்கும் நடுவில் வழவழப்பான வளைவு போட்டுவிடுகிறது. கிளம்பும்போதும் மெதுவாக, சேரும்போதும் மெதுவாக. தரையைத் தொடுவதற்கு முன் பந்து பிரேக் போடுகிறது. சுவரில் சாக்பீஸ் கோட்டைப் போடாமல் நேராகக் கம்ப்யூட்டரில் உட்கார வைத்திருந்தால், இதில் தப்பு இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. "சூப்பரா குதிக்குது சார்" என்றிருப்பார்கள். அசைவைக் கோடாகக் காட்டுகிற கிராஃப் எடிட்டரைத் திறந்து வளைவைக் காட்டினேன். உச்சியில் மழுங்கலாக இருக்கட்டும், அடியில் கூராக இருக்க வேண்டும். தரையில் இருக்கிற கீயைப் பிடித்து, 'வி' தட்டி, வளைவை அந்த இடத்தில் கூராக்குகிற வெக்டர். பந்து தரையில் அறைந்து எழுந்தது. ஸ்பீக்கரே இல்லாத லேப், ஆனால் நாலு பேர் வாயால் 'டப்' என்றார்கள்.

இப்போது கொக்கில் இருக்கிறோம். வகுப்பில் ஒரு பெண், வாயைத் திறந்து பேசமாட்டாள். வீடு வாய்க்கால் கரையில். கொக்கு மீன் பிடிப்பதுதான் அவள் படம், பத்து நொடி. தாளில் வெட்டி ஒட்டியது மாதிரி தட்டையான கொக்கு, கழுத்தை வளைக்க பிளெண்டரில் நாலு எலும்பு. முதல் தடவை கொண்டுவந்ததில் கொக்கு ஆறு நொடி அசையாமல் நின்று, சட்டென்று கொத்தியது. கொத்தல் பிரமாதம், மூன்றே ஃப்ரேம். ஆனால் அந்த ஆறு நொடி? "செத்துப்போன கொக்குடி" என்றாள் பக்கத்தில் இருந்தவள். இவள் முகம் சுருங்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை வரும்போது நோட்டில் அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். கொக்கு சும்மா நிற்கும்போது என்னென்ன செய்கிறது. கழுத்து கண்ணுக்கே தெரியாமல் உள்ளே இறங்குகிறது. ஒரு காலை லேசாகத் தூக்கி அப்படியே மறந்துவிடுகிறது. காற்றில் வால் இறகு மட்டும் பிரிகிறது. மீன் கிட்டே வந்தால் தலை அசையாது, உடம்பு மட்டும் முன்னால் சாயும். கடைசியாக எழுதியிருந்தது: 'கொத்துறதுக்கு முன்னாடி கழுத்து பின்னாடி போகுது சார், ரொம்பக் கொஞ்சம்.' ஔவை 'உறுமீன் வருமளவும்' கொக்கு வாடியிருக்கும் என்றாளே, அந்த வாடலை இவள் ஃப்ரேம் கணக்கில் எழுதிவிட்டாள். நிற்கும்போதும் லேசாக அசையவிடுகிற மூவிங் ஹோல்ட் பற்றி நான் பேசத் தயார் செய்துகொண்டு போன பத்து நிமிஷப் பேச்சைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

'கொக்கு' என்று டைட்டில் போடுவதற்குத்தான் உயிர் போனது. இந்த பிளெண்டருக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ககரம் அநாதையாக. இங்க்ஸ்கேப் என்ற வரைகிற சாஃப்ட்வேரில் அடித்து, எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக, அதாவது பாத் ஆக்கி, எஸ்விஜி படக் கோப்பாக உள்ளே கொண்டுவந்தோம். அப்புறம் ரெண்டர், ஒவ்வொரு ஃப்ரேமையும் கம்ப்யூட்டர் படமாக்கித் தருகிற வேலை. 240 ஃப்ரேம், ஃப்ரேமுக்கு நாற்பது விநாடி, இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 173இல் கரண்ட் போனது, யுபிஎஸ் ஒரு முறை முனகிவிட்டு அணைந்தது. நல்லவேளை, ஒரே வீடியோவாக விடாமல் ஃப்ரேமுக்கு ஒரு பிஎன்ஜி படமாக விடச் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் 173இலிருந்து தொடர்ந்தாள்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். பூசி மெழுகுவதில்லை. 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு 2013 பிப்ரவரியில் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் கிடைத்தது, அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் அந்தப் புலியைச் செய்த ஸ்டூடியோ திவால் மனு போட்டது என்று சொல்லிவிடுவேன். ஒரு அப்பா பிள்ளையை நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும். பொய் சொல்லிச் சேர்த்த இடத்தில் நாம் எவ்வளவு ஃபீஸ் கட்டினோம் என்பது உனக்கும் தெரியும்.

ஏஐ பற்றியும் கேட்டாய். ஒரு பையன் அண்ணன் போனில் செய்தது என்று ஒரு கொக்கு வீடியோ கொண்டுவந்தான். இறகு இறகாகத் தெரிகிறது, தண்ணீர் மின்னுகிறது, நம் தட்டைக் கொக்கு பக்கத்தில் நிற்கவே முடியாது. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அந்தப் பேசாத பெண் மட்டும் மறுபடி போடச் சொன்னாள். மறுபடி. மூன்றாவது தடவை, "பதுங்கவே இல்லையே சார்" என்றாள். அடுத்த வருஷம் அதுவும் பதுங்கக் கற்றுக்கொள்ளும், அது வேறு விஷயம். எனக்கு அன்றைக்கு அவள் குரலைக் கேட்டதே பெரிது.

வருகிற வாரம் நடை ஆரம்பிக்கிறோம். இடுப்பில் குடத்தோடு நடப்பது, இல்லாமல் நடப்பது, இரண்டும். இதை மறுபடி தாளில் போட்டால்தான் சரிவரும் என்று தோன்றுகிறது. அடியில் விளக்கு எரிகிற உன் பழைய லைட் பாக்ஸும், தாளை நகராமல் பிடிக்கிற பெக் பாரும் உங்கள் வீட்டுப் பரணில்தான் கிடக்கும். அப்பாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடு, நானே ஏணி போட்டு எடுத்துக்கொள்கிறேன். ட்யூப் போயிருந்தால் மாற்றிக்கொள்வேன். கண்ணாடி உடைந்திருந்தால் மட்டும் என்னைத் திட்டாதே, அது போன தடவை நீ வந்தபோதே விரிசல் விட்டிருந்தது.

உன்
மாப்ள