பல் இல்லாத மெஷின்

கோயம்புத்தூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கூட வைத்திருந்த போட்டோவையும் பார்த்தேன். ரப்பர் ஷீட் அடிக்கிற உருளை கிடந்த கொட்டகையைக் கழுவி, வெள்ளையடித்து, டியூப் லைட் போட்டு, மேசையும் அடித்து வைத்திருக்கிறாய். ஓய்வு பெற்ற பிறகு நீ பொழுதை எப்படிக் கழிப்பாயோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேத்திக்குப் பொம்மை செய்யப் போகிறேன் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. சரோஜாவுக்கும் வாசித்துக் காட்டினேன். முதல் பொம்மை என்ன என்று கேட்கச் சொன்னாள்.

இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, காலையில் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறேன். போன மாதம் பழைய பட்டறைப் பக்கம் போய்விட்டு வந்தேன். இரும்பு வார்ப்புக்கு மாதிரியாக நாங்கள் தேக்கில் இழைத்து இழைத்துச் செய்த பேட்டர்ன்களில் பாதிக்கு மேல் இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து, சி.என்.சி. என்கிற தானியங்கி மெஷினில் குடைகிறார்கள். பம்ப் பாடிக்கு நான் செய்த பேட்டர்ன் ஒன்று மட்டும் அலமாரி மேல் தூசியோடு இருந்தது. ஆனால் உப்புத்தாள் ஒட்டிய தட்டு சுற்றி மரத்தைத் தேய்க்கிற டிஸ்க் சாண்டர் அதே ஜன்னலோரம்தான் நிற்கிறது, இன்னும் ஓடுகிறது. எத்தனை கம்ப்யூட்டர் வந்தாலும் கடைசியில் ஒரு விளிம்பை ஒரு நூல் குறைக்க அதனிடம்தான் போக வேண்டியிருக்கிறது என்று அங்கிருந்த பையன் சொன்னான்.

சரி, உன் மெஷினுக்கு வருகிறேன். நீ வாங்கியிருப்பதும் மரம் தேய்க்கிற சாண்டர்தான். 4 அங்குல அகலம், 36 அங்குலச் சுற்றில் உப்புத்தாள் பெல்ட். பக்கத்தில் உப்புத்தாள் ஒட்டிய 6 அங்குல வட்டத் தட்டு. வீட்டுக்கு நல்ல அளவு. ஆனால் நீ ஒரு வரி எழுதியிருந்தாய்: "உப்புத்தாளுக்கு மோட்டார் மாட்டியதுதானே, ரம்பம் மாதிரி பயப்பட என்ன இருக்கிறது?" அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. மூன்று நாளாக இந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டே இருந்தேன்.

ரம்பத்தைப் பார்த்தால் கை தானாகப் பின்வாங்கும், பல் தெரிகிறது. இதில் பல் இல்லை. சுற்றும்போது தட்டு அசையாமல் நிற்பது போலக்கூடத் தெரியும். போட்டோவில் மோட்டார் தகட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நிமிடத்துக்கு 2850 சுற்று என்று போட்டிருக்கிறது. 6 அங்குலத் தட்டின் விளிம்பு அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 1360 மீட்டர் ஓடும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். ஓடுகிற பஸ்ஸிலிருந்து கையை நீட்டித் தார் ரோட்டைத் தொட்டால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும்.

என் இடது ஆள்காட்டி விரலின் நகம் கோணலாக இருக்கிறதே, நீ பலமுறை கேட்டிருக்கிறாய், நான் "பட்டறையில் பட்டது" என்று சொல்லி விட்டுவிடுவேன். அது இந்த வகை மெஷினில்தான். 1991-இல் நடந்தது. இரண்டு விரலால் பிடிக்கிற அளவுக்குச் சின்ன வட்டத்துண்டு, அதன் விளிம்புக்குச் சரிவு கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் வேறொரு வேலைக்காக டேபிளைச் சாய்த்து வைத்து, திரும்ப நிமிர்த்தியபோது தட்டுக்கும் டேபிளுக்கும் நடுவில் இடைவெளி கூடியிருந்தது. நான் பார்க்கவில்லை. துண்டின் நுனி அந்தச் சந்தில் இறங்கியது, துண்டோடு விரலும் போனது. கண் இமைப்பதற்குள் நகமும் சதையும் இல்லை. கத்தி வெட்டினால் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைக்கலாம். இது அரைத்துக் கொண்டுபோய்விடுவதால் தைக்க ஓரமே கிடையாது என்று டாக்டர் சொன்னார். சதைக்குள் ஏறிய மரத்தூளையும் மணலையும் கழுவி எடுத்ததுதான் எல்லாவற்றையும்விட வலி. அப்புறம் டெட்டனஸ் ஊசி. ஆறிய பிறகும் ஒரு வருஷம் அந்த விரலால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

அதனால் முதலில் அந்த இடைவெளியைப் பார். தட்டுக்கும் டேபிளுக்கும் நடுவில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இரும்பு அறுக்கிற ஹேக்ஸா பிளேடு இரண்டைச் சேர்த்து, பல் இல்லாத முதுகுப் பக்கமாகச் செருகிப் பார்த்தால் கிட்டத்தட்ட அளவு தெரிந்துவிடும். டேபிளைச் சாய்க்கும்போதெல்லாம் இந்த இடைவெளி மாறும். சாய்த்தாலும் பார், நிமிர்த்தினாலும் பார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தட்டைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எங்கேயும் உரசவில்லை என்று தெரிந்த பிறகு ஸ்விட்ச் போடு.

அடுத்தது, எந்தப் பக்கம் மரத்தை வைப்பது. உன் மாதிரி மெஷின்களில் பெரும்பாலும் தட்டு நமக்கு எதிர்முகமாகப் பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுற்றும். மூடியில் அம்புக்குறி இருக்கும், பார்த்து உறுதி செய்துகொள். அப்படிச் சுற்றினால் இடது பாதி கீழ்நோக்கி ஓடும், வலது பாதி மேல்நோக்கி ஓடும். மரத்தை எப்போதும் கீழே ஓடுகிற பாதியில்தான் வைக்க வேண்டும். அங்கே தட்டே மரத்தை டேபிளோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும், தூளும் கீழே விழும். மேலே ஓடுகிற பாதியில் வைத்தால் மரத்தைத் தூக்கி உன் முகத்தில் எறியும். நீளமான பலகையை விளிம்பிலிருந்து விளிம்பு வரை வைக்காதே. ஒரு பாதி அழுத்தும், மறுபாதி தூக்கும், பலகை கையை விட்டுத் திரும்பிவிடும். நீளமானதெல்லாம் பெல்ட்டுக்கு.

வைத்த இடத்திலேயே நிறுத்தாதே, மரத்தை அந்த இடது பாதிக்குள் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்து. விளிம்பில் வேகம் அதிகம், நடுவுக்கு வர வர மந்தம். ஒரே இடத்தில் அழுத்தினால் மரம் கருகும், தாளில் மரத்தின் பிசின் ஏறி வழவழப்பாகிவிடும். அப்போது வெட்டு குறையும், உடனே நாம் இன்னும் அழுத்துவோம், கை வழுக்குவது அந்த நேரத்தில்தான். வெட்டு குறைந்தால் தாளைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குக் கடையில் ரப்பர் கட்டி விற்கிறார்கள், ஆனால் மார்த்தாண்டத்தில் இருக்கிற உனக்கு அது எதற்கு? இயற்கை ரப்பரில் செய்த கிரேப் ஷீட் ஒரு துண்டை ஓடுகிற பெல்ட்டில் லேசாகக் காட்டினால் அடைந்த தூளெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பெரிய துண்டாக எடுத்துக்கொள், விரல் தள்ளியே இருக்க வேண்டும்.

பெல்ட் விஷயத்தில் அதிகம் இல்லை. பெல்ட்டின் உள்பக்கம் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில்தான் மாட்ட வேண்டும், மாற்றி மாட்டினால் ஒட்டுப் போட்ட இடம் பிரிந்து அறுந்து அடிக்கும். மாட்டியதும் கையால் தள்ளி ஓட்டி, ஒரு பக்கமாக ஒதுங்குகிறதா என்று பார்த்துத் திருகைச் சரிசெய். பிறகு ஸ்விட்சை ஒரு நொடி போட்டு அணைத்துப் பார். பெல்ட் ஓடி வருகிற முனையில் தடுப்புக் கட்டை ஒன்று இருக்குமே, அதைக் கழற்றி வைத்துவிடாதே, மரம் அதில் சாய்ந்து நிற்க வேண்டும். அங்கேயும் அதே ஒன்றரை மில்லிமீட்டர்தான்.

இப்போது நான் எழுத வந்த முக்கியமான இடம். நீ செய்யப் போவது பொம்மை. பொம்மை என்றால் எல்லாம் சின்னச் சின்னத் துண்டு: சக்கரம், யானைக் காது, வண்டிக்காரன் தலை. இந்த மெஷினில் விரலைக் கொண்டுபோவது அந்தச் சின்னத் துண்டுகள்தான். தனியாக வெட்டிய துண்டை விரலால் பிடித்துக்கொண்டு போகாதே செல்வராஜ். ஒரு அடி நீளப் பட்டையின் நுனியில் காதின் வளைவை முதலில் தேய்த்துக்கொள், தேய்த்து முடித்த பிறகு அந்த நுனியை மட்டும் அறுத்து எடு. அடுத்த காதும் அதே பட்டையில். வெட்டிய பக்கத்தை, மேசையில் உப்புத்தாளை விரித்து வைத்துக் கையாலேயே தேய்த்துவிடலாம். ஐந்து நிமிடம் கூட ஆகும், அவ்வளவுதான்.

சக்கரத்துக்கு எங்கள் பட்டறை வழி ஒன்று உண்டு. ஒரு பிளைவுட் பலகையைத் தட்டின் முன்னால் டேபிளோடு கிளாம்ப் போட்டு இறுக்கிவிடு. கீழே ஓடுகிற பாதிக்கு நேராக, சக்கரத்தின் ஆரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தில் பலகையில் தலையில்லாத ஆணி ஒன்றை நிறுத்து. சக்கரத்தைக் கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்து, நடுத்துளையை அந்த ஆணியில் மாட்டி, பின்பக்கத்திலிருந்து மெல்லச் சுற்று. நாலு சக்கரமும் ஒரே அளவாக, அச்சில் வார்த்தது போல வரும். விரல் எந்நேரமும் தட்டிலிருந்து தள்ளியே இருக்கும். இதற்குச் சக்கரம் இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அது பேத்திக்கும் நல்லது. பொம்மையைச் சோதிக்கிறவர்கள் 31.7 மில்லிமீட்டர் விட்டத்தில் சின்னக் குழாய் ஒன்று வைத்திருப்பார்கள், அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூடாது, தொண்டையில் அடைத்துவிடும். அவளுக்கு இரண்டரைதானே ஆகிறது. எல்லாவற்றையும் பெரிதாகவே செய்.

உன்னை எனக்குத் தெரியும், வீட்டில் எப்போதும் வேட்டியும் தோளில் துண்டும்தான். கொட்டகைக்குள் போகும்போது துண்டை வெளியே ஆணியில் மாட்டிவிட்டுப் போ. பேன்ட், அரைக்கைச் சட்டை, காலை மூடின செருப்பு. மணிக்கட்டில் கோயில் கயிறு கட்டியிருக்கிறாய், போட்டோவில் தெரிகிறது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலை செய், சாமி ஒன்றும் நினைக்காது. வாட்சும் மோதிரமும் வேண்டாம். கையுறையும் போடாதே, பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் போடுகிறார்கள். தட்டு அதன் நுனியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணாடி மட்டும் கட்டாயம். படிக்கிற கண்ணாடி போதாது, பக்கவாட்டையும் மூடுகிற கண்ணாடி வாங்கு.

தூளைப் பற்றி நாங்கள் இளவயதில் கவலைப்பட்டதே இல்லை. துண்டை மூக்கில் கட்டினால் போதும் என்று இருந்தோம். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் துணியைத் தாண்டிப் போய்விடும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. மூக்கின் உள்பக்கத்தையும் அதை ஒட்டிய அறைகளையும்தான் அது தாக்குகிறது. என்-95 முகக்கவசம் போடு. தூள் வெளியேறுகிற குழாயில் வேக்குவம் கிளீனரை மாட்டு. வேலை முடிந்ததும் உடனே கவசத்தைக் கழற்றாதே, தூள் காற்றில் நெடுநேரம் நிற்கும்.

பொம்மைக்கு ரப்பர் மரம் எடுத்தது நல்லது, வெளுத்த நிறம், நன்றாக வழவழப்பாகும். ஆனால் பழைய வீட்டுக் கதவுப் பலகையும் இருக்கிறது, அதையும் தேய்த்துப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறாய். அது வேண்டவே வேண்டாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உன் அப்பா காலத்துப் பச்சைப் பெயின்ட்டில் எவ்வளவு ஈயம் இருக்குமோ. அதைத் தேய்த்தால் கொட்டகை முழுக்க ஈயத்தூள், அது உன் காலோடு வீட்டுக்குள் வரும், குழந்தை தரையில் தவழ்ந்த கையை வாயில் வைக்கும்.

ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற கத்தியையும் இதிலேயே தீட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாயே. அதற்குத் தனியாகச் சாணைக்கல்லே வைத்துக்கொள். இரும்பில் பறக்கிற பொறி தூள் பைக்குள் போய் மரத்தூளில் உட்கார்ந்துகொண்டால் உடனே எரியாது, உள்ளேயே கனன்றுகொண்டிருந்து நீ சாப்பிட்டுப் படுத்த பிறகு பிடிக்கும். எங்கள் பட்டறையில் இரும்புக்கு ஒரு மெஷின், மரத்துக்கு ஒரு மெஷின், இரண்டும் வேறு வேறு அறையில்தான் இருந்தன.

எர்த் பற்றி மின்வாரியத்தில் இருந்த உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். வேலை நடுவில் கரண்ட் போனால், முதல் காரியமாக ஸ்விட்சை அணைத்துவிடு. மழைக்காலத்தில் உங்கள் பக்கம் அடிக்கடி போகும். ஸ்விட்ச் போட்டபடியே இருந்தால் கரண்ட் வந்ததும் தட்டு தானாகச் சுற்றும், அப்போது அங்கே யார் கை இருக்கும் என்று தெரியாது. கரண்ட் போனால் தானே அணைந்து, நாம் மறுபடி அழுத்தினால்தான் ஓடுகிற ஸ்விட்ச் வகை இருக்கிறது. உன் மெஷினில் அது இல்லையென்றால் மாற்றிப் போடு, உனக்கு அரை மணி நேர வேலை. அணைத்த பிறகும் தட்டு சிறிது நேரம் சத்தமில்லாமல் சுற்றும். முழுசாக நிற்கும் வரை பக்கத்திலேயே நில். வெளியே வரும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கொட்டகையைப் பூட்டிச் சாவியை உயரத்தில் மாட்டு. பேத்தி தாத்தாவைத் தேடிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் வருவாள்.

தை பிறந்ததும் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம் இருக்கிறது. முடித்துவிட்டு உன் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்குகிறோம். 80, 120, 180 என்று மூன்று சொரசொரப்பு அளவிலும் பெல்ட் இங்கிருந்து வாங்கி வருகிறேன், நீ அங்கே வாங்க வேண்டாம். அதுவரை சக்கரத்தை மட்டும் செய்யாமல் வைத்திரு. அந்த ஆணிப் பலகையை நானே உன் டேபிளில் பொருத்திக் கொடுக்கிறேன். முதல் சக்கரத்தை இரண்டு பேரும் சேர்ந்து தேய்ப்போம்.

தங்கச்சியையும் மகளையும் கேட்டதாகச் சொல். குட்டிக்கு என் முத்தம்.

அன்புடன்,
உன் கணேசன்